வெண்டலின் மயிரிழை

எங்க ஊர்ல பனிக்காலம் வந்தா ரோட்டுல பனி தள்ளுற வண்டிய ஓட்டுறவன் வெண்டல் ஹோஃப்லண்ட். வயோமிங் மாநிலம் முழுக்கத் தேடினாலும் அதைவிட மெதுவாப் போற வண்டி கிடைக்காது. பின்னால கார்க்காரங்க வரிசையா பல்லைக் கடிச்சுக்கிட்டு வருவாங்க, இவன் முன்னால காபிய உறிஞ்சிக்கிட்டு உருட்டிக்கிட்டுப் போவான். அதே ஆள் வண்டிய விட்டு இறங்கி வெர்னா ஓட்டல்ல வந்து உட்கார்ந்தா மட்டும் வாயைத் திறந்தாலே வேகம்தான்.

"கனமான குண்டு கழுதை, மச்சான். லேசான குண்டு மின்னல். மின்னல் விழுந்து பிழைச்ச மான் உண்டா, சொல்லு!"

மச்சான்னு அவன் சொல்றது என்னைத்தான். என் தங்கச்சி நேடீனைக் கட்டிக்கிட்ட புண்ணியவான் அவன். நான் ரோலண்ட், கறிக்கடைக்காரன். வேட்டை சீசன்ல ஊரே சுட்டுக் கொண்டாந்து போடுற மானையெல்லாம் தோலுரிச்சு, துண்டு போட்டு, பொட்டலம் கட்டிக் குடுக்கிறது என் பிழைப்பு. ஓட்டல்ல எவன் எவ்வளவு அளந்தாலும் சரி, உண்மை கடைசியில என் வெட்டுமேசைக்குத்தான் வந்தாகணும்.

வெண்டலோட உண்மையும் வந்துச்சு. ஒரு வருஷம் எல்க் மான் ஒண்ணைக் கொண்டாந்து போட்டான். "ஒரே குண்டு, நின்ன இடத்துல உட்கார்ந்துடுச்சு"ன்னு மார்தட்டிக்கிட்டு நின்னான். நான் தோலை உரிச்சுப் பாத்தேன். முன்னஞ்சப்பை ரெண்டும் ரத்தம் கட்டி கொழகொழன்னு கிடக்கு. லேசான ஈயக் குண்டு அவ்வளவு வேகத்துல போய் எலும்புல மோதி, பொடிப்பொடியா சிதறி, கறியெல்லாம் கூழாக்கி வெச்சிருக்கு.

"மாப்ள, இது கறியா, ஜாமா? ரொட்டியில தடவித் தரட்டுமா?"ன்னேன்.

"உனக்குப் பொறாமை"ன்னான்.

"ஆமா, உங்க வீட்டு நாய்க்கு வந்த யோகத்தைப் பாத்துப் பொறாமைதான்"னு சொல்லி, பாதி மானை வாளியில போட்டு அவன் கையிலயே குடுத்தேன். அந்தப் பனிக்காலம் முழுக்க அவங்க வீட்டு நாய் கன்னுக்குட்டி மாதிரி பெருத்துது. நேடீன் கடையில கோழி வாங்கிச் சமைச்சா.

அதுக்கப்புறம் அவன் ஈயத்தை விட்டுட்டு முழுச் செம்புக் குண்டுக்கு மாறினான். இருக்கிறதை இருக்குன்னு சொல்லணும்: அது நல்ல சாமான். எடை கம்மி, ஆனா சிதறாது. முனை மட்டும் பூ மாதிரி விரிஞ்சு, நேரா ஊடுருவி அந்தப் பக்கம் போயிடும். அவன் சுட்ட கலைமான்ல நான் வெட்டி எறிஞ்ச கறி ஒரு கைப்பிடிகூட இருக்காது. இதை அவன்கிட்ட சொன்னேனான்னு கேக்காதீங்க. சொல்லியிருந்தா அவன் இருக்கிற இருப்புக்கு ஓட்டல் கூரை பிய்ச்சுக்கிட்டுப் போயிருக்கும்.

ஆனா அவன் பைத்தியம் குண்டோட நிக்கல. தோட்டான்னா என்ன? பித்தளைக் கூடு, உள்ள மருந்து, வாயில குண்டு. ஊர்ல எல்லாரும் கடையில ரெடியா இருக்கிறதை வாங்கிச் சுடுறாங்க. வெண்டல் கடைத் தோட்டாவைக் கையால தொடமாட்டான். "அது ஓட்டல் சாப்பாடு மச்சான். நான் வீட்டுச் சமையல்காரன்"னுவான். வீட்டுல ஒரு முட்டை வேகவெச்சதில்ல, பேச்சைப் பாருங்க!

கார் நிக்க வேண்டிய ஷெட்டுல அவன் பட்டறை. அதனால கார் பனிக்காலம் முழுக்க வெளியில பனியில நிக்குது. காலையில நேடீன் கண்ணாடியச் சுரண்டிட்டு வேலைக்குப் போவா. ஊர் ரோடெல்லாம் பனி தள்ளுறவனுக்குத் தன் பெண்டாட்டி கார் கண்ணுல படாது. சுட்டு முடிச்ச பழைய கூடுகளைப் பொறுக்கிக் கொண்டாந்து, வால்நட் ஓட்டுத் தூள் நிறைச்ச சின்ன டிரம்முல போட்டு மெருகேத்துவான். அது கடகடன்னு ஓடுற சத்தத்துல நேடீனுக்கு டிவியில ஒரு வசனம் புரிஞ்சதில்ல. அப்புறம் மருந்து நிறுக்கிற படலம். தராசுகிட்ட மூச்சு விடக்கூடாது. நான் ஒரு தடவை அங்க தும்மிட்டு, ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லாம இருந்தேன். குண்டு எப்படி விரியுதுன்னு பாக்க, நனைஞ்ச செய்தித்தாளைக் கட்டுக்கட்டா அடுக்கிச் சுடுவான். அதுக்கு எங்க வீட்டு வாசல் பேப்பரும் காணாமப் போகும். ஊருக்கே தெரியும், யாரும் கேக்கிறதில்ல.

இப்படியே போயிருந்தா ஒருத்தருக்கும் நஷ்டமில்ல. போன வருஷம் நேடீனுக்குச் சீட்டு விழுந்துச்சு.

மூஸ்ங்கிற ராட்சச மானைச் சுடணும்னா எங்க பக்கம் நினைச்ச மாத்திரத்துல முடியாது. வருஷா வருஷம் மனு போடணும், குலுக்கல்ல பேரு வரணும். வந்தா ஆயுசுக்கு ஒரே தடவை. எங்கப்பா சாகறவரைக்கும் மனு போட்டார், விழல. நேடீன் முடி கறுப்பா இருந்த காலத்துல போட ஆரம்பிச்சவ; அது வெளுத்தப்புறம் விழுந்துச்சு. சீட்டைக் கொண்டாந்து ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சு, பாலெடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு தடவை தொட்டுக்குவா. அவளை நான் அப்படிச் சந்தோஷமாப் பாத்து ரொம்ப நாளாச்சு.

எங்க ஊர்ல சீட்டை வெச்சுக்கிட்டு வெறுங்கையோட திரும்பினவனை யாரும் ஐயோ பாவம்னு சொல்றதில்ல. "என்னப்பா, சீட்டைப் போட்டுச் சூப்பு வெச்சாச்சா?"ன்னுதான் கேப்பாங்க. பாதிரியார்லேருந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவர்வரைக்கும் எல்லாரும் அந்தக் கேள்விய வாங்கினவங்கதான். நேடீன் சீட்டு விழுந்த அன்னைக்கே சொன்னா: "சூப்புங்கிற பேச்சே என் வீட்டுல இருக்கக்கூடாது."

ஒரு சிக்கல் இருந்துச்சு. அவ வேலை பார்க்கிற பண்ணையில, பிரசவத்துல இருந்த பசு ஒண்ணு உதைச்சு, அவ வலது தோள்ல ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. தன் துப்பாக்கிய என் கொல்லையில வெச்சு ஒரு தடவை சுட்டுப் பாத்தா. உதைச்ச உதையில கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கனமான குண்டுன்னா அப்படித்தான் உதைக்கும். லேசான குண்டு போட்டா உதை கம்மி. ஆக, வெண்டல் வாழ்க்கையிலயே முதல் தடவையா அவனோட பைத்தியத்துக்கு ஒரு நல்ல காரணம் கிடைச்சுடுச்சு.

"நான் இருக்கேன் நேடீன்"னான். "உன் தோளுக்குப் பஞ்சு மாதிரி, மூஸுக்கு இடி மாதிரி ஒரு தோட்டா பண்ணித் தர்றேன்."

அவ முகத்தைப் பாக்கணுமே! புதுப்பொண்ணு மாதிரி சிரிச்சா. நான் கெடுக்கப் பாத்தேன்: "ஏம்மா, லேசான குண்டு போட்ட தோட்டா கடையிலயே விக்குது. நான் வாங்கித் தர்றேன், நாளைக்கே போய்ச் சுட்டுட்டு வா." நான் அவன் அம்மாவத் திட்டின மாதிரி வெண்டல் எழுந்து வெளிய போயிட்டான்.

"வேணாம்ணே"ன்னா நேடீன். "இவ்வளவு வருஷத்துல அந்த ஷெட்டுக்குள்ள எனக்குன்னு அவன் செய்யற முதல் காரியம் இது. செய்யட்டும்."

செஞ்சான். செஞ்சுக்கிட்டே இருந்தான்.

செப்டம்பர்ல சீசன் திறந்துச்சு. அதுதான் மூஸ் ஜோடி தேடுற காலம். ஆம்பளை மூஸ் புத்தி கெட்டுத் திரியும். மரத்துல ஒரு கட்டையத் தேய்ச்சாலே ஓடி வந்து நிக்கும். பெரிய கொம்போட ஒண்ணு நேடீன் வேலை பார்க்கிற பண்ணையோட வைக்கோல் வயல்லயே வந்து நின்னுச்சு. சுட அனுமதியுள்ள இடம், பட்டப்பகல். நேடீன் மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடி வந்தா.

"ஏன்யா வெண்டல், அது மாடு மாதிரி நிக்குதுய்யா! குடுய்யா தோட்டாவ!"

"தயாராகல நேடீன். காகிதத்துல மூணு தடவை சுட்டா, மூணு குண்டும் ஒரு காசு அகலத்துல விழுது. ஒரே ஓட்டையில விழணும்."

"மூஸ் நெஞ்சு வாசக்கதவு அகலம் இருக்குய்யா! காசு அகலம் எதுக்கு?"

"இன்னும் ஒரு மயிரிழை. அவ்வளவுதான்."

அந்த மயிரிழை என்னன்னு கேட்டீங்கன்னா, கூட்டுக்குள்ள குண்டு எவ்வளவு ஆழத்துல உட்காருதுங்கறது. குண்டைக் கொஞ்சம் வெளிய தள்ளி உட்காரவெச்சா, துப்பாக்கியில போட்டதும் அதோட மூக்கு குழலுக்குள்ள திருகாணி மாதிரி சுத்திப் போற புரி வரைக்கும் போயிடும். அங்கேருந்து கிளம்பினா கோணாம போகும்னு அவன் கணக்கு. செம்புக் குண்டு செஞ்ச கம்பெனிக்காரன் பெட்டிமேலயே எழுதியிருக்கான், புரிக்கும் குண்டுக்கும் நடுவுல இடைவெளி விடுங்கன்னு. நான் அதை வாசிச்சுக் காட்டினேன்.

"அது பயந்தவனுங்களுக்கு எழுதினது மச்சான்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் குண்டை ஒரு மயிரிழை வெளிய தள்ளுவான். சுடுற மைதானத்துல போய்ச் சுடுவான். காகிதத்துல ஓட்டைகள் கொஞ்சம் நெருங்கும். "பாத்தியா!"ன்னு கொண்டாந்து காட்டுவான். அடுத்த வாரம் இன்னொரு மயிரிழை. அதுவும் போதாதுன்னு, கூட்டோட வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கக்கூடாது, பச்சைக் குழந்தையப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும்னு சொல்லி, வாயைத் தேய்ச்சுத் தேய்ச்சு லூசாக்கினான்.

வயல்ல நின்ன மூஸ் எவ்வளவு நாள்தான் இவன் மயிரிழைக்காகக் காத்திருக்கும்? ஜோடி தேடுற காலம் முடிஞ்சுது. முதல் பனி விழுந்துச்சு. ஆம்பளை மூஸெல்லாம் மலைக்குள்ள, நாணல்மாதிரி அடர்ந்த வில்லோப் புதருக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. நேடீன் ஃபிரிட்ஜ் சீட்டைத் தொடறதை நிறுத்திட்டா. கதவைத் திறக்கும்போது முகத்தை வேற பக்கம் திருப்பிக்குவா. அதைப் பாத்த அன்னைக்கு நான் ஷெட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"டேய் மாப்ள! அவளுக்கு இது ஒரே தடவைடா! உன் ஓட்டையத் தூக்கிக் குப்பையில போடு, அவளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு!"

அவன் திரும்பிக் காகிதத்தை நீட்டினான். மூணு குண்டும் ஒரே ஓட்டை. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு அவனுக்கு. "முடிஞ்சுது மச்சான். குண்டு இப்ப புரியில கச்சிதமா உட்கார்ந்து நிக்குது. அவளுக்குன்னு செஞ்சது. உலகத்துல இதைவிட நல்ல தோட்டா கிடையாது"ன்னான். அடிக்க ஓங்கின கை எனக்குக் கீழ இறங்கிடுச்சு. அது சீசன் முடியறதுக்கு முந்தின நாள்.

மறுநாள் விடியும்போது மூணு பேரும் கிளம்பினோம். நேடீன் கையில அவ துப்பாக்கி. நான் கத்தி, ரம்பம், கறி கட்டற பையெல்லாம் சுமந்துக்கிட்டேன். "நானும் என் துப்பாக்கிய எடுத்துக்கறேன்"னு சொன்னதுக்கு வெண்டல் என்னைப் புழுவைப் பாக்கிற மாதிரி பாத்தான். "எதுக்கு? இவ ஒரே குண்டுல காரியத்தை முடிச்சிடுவா. நீ கறி சுமக்கத் தெம்பு வெச்சுக்க." அவனும் துப்பாக்கி எடுக்கல. மருந்துத் தராசை மட்டும் மெத்தை மேல வெச்சு, போர்வை போத்திட்டு வந்தான்னு நேடீன் சொன்னா.

வண்டிய ரோடு முடியற இடத்துல விட்டுட்டு நடந்தோம், நடந்தோம், அப்படி நடந்தோம். வெயில் ஏறின நேரத்துல ஓடைப் பக்கம் தடம் கிடைச்சுது. சாணி ஆவி பறக்குது. நேடீன் ஒரு தோட்டாவைத் துப்பாக்கியில ஏத்தி, குழலோட பின்கதவான போல்ட்டை மூடினா. கொஞ்ச தூரம் போனதும் வில்லோப் புதர் அசைஞ்சுது. ரெண்டு பக்கமும் கூடை கூடையா கொம்பு. வயல்ல நின்ன அதே ஆளுதான். கொம்புல ஒரு முனை உடைஞ்சிருந்ததை வெச்சு நேடீன் கண்டுபிடிச்சா. அவ கையால என் முழங்கையப் பிடிச்சு அழுத்தின அழுத்துல எனக்கு நரம்பு இழுத்துக்கிச்சு.

நடுவுல ஒரு பழைய முள்வேலி. வேலிக்கு இந்தப் பக்கத்துலேருந்து புதர் மறைக்குது. அந்தப் பக்கம் போய் நாலு எட்டு வெச்சா, முழு விலாவும் தெரியும்.

வேலி தாண்டும்போது துப்பாக்கியிலேருந்து தோட்டாவ எடுத்துட்டுத்தான் தாண்டணும். அதை மீறினவன்கூட எங்க ஊர்ல யாரும் ரெண்டாம் தடவை வேட்டைக்குப் போகமாட்டாங்க. எங்கப்பா எங்களுக்கு நடக்கக் கத்துக்குடுக்கும்போதே அதைக் கத்துக்குடுத்துட்டார். நேடீன் யோசிக்கவே இல்ல. போல்ட்டைப் பின்னால இழுத்தா.

கூடு வந்துச்சு. குண்டு வரல.

வெண்டலோட உலகத்துலயே சிறந்த குண்டு குழல் புரியில கச்சிதமா மாட்டிக்கிட்டு நின்னுடுச்சு. பச்சைக் குழந்தையப் பிடிக்கிற மாதிரி பிடிச்ச கூடு அதை விட்டுட்டுத் தனியா வெளிய வந்துடுச்சு. கூட்டுக்குள்ள இருந்த மருந்து, அவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடை போட்ட அந்த மருந்து, தேயிலைத் தூள் மாதிரி சரசரன்னு கொட்டி, துப்பாக்கியோட போல்ட்டு, விசை, மூலை முடுக்கெல்லாம் நிறைஞ்சுது.

மைதானத்துல ஏத்தின தோட்டாவை எவனும் திரும்ப எடுக்கிறதில்ல, ஏத்தினதைச் சுட்டுடறான். காட்டுல பத்து தடவை ஏத்தினா ஒன்பது தடவை சுடாமலே எடுக்கணும். காகிதத்தைச் சுட்டே காலம் கழிச்சவனுக்கு அது ஞாபகம் வரல. எனக்கும் வரலைங்கறது வேற விஷயம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும்னு கேள்விப்பட்டிருக்கேன். அன்னைக்குத்தான் உடையற சத்தத்தைக் கேட்டேன்.

"என்னய்யா இது?"ன்னு நேடீன் வெறுங்கூட்டை நீட்டினா. குசுகுசுன்னுதான் கேட்டா. மூஸ் கல்லெறி தூரத்துல இலையத் தின்னுக்கிட்டிருக்கு.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஒரு கம்பி விட்டுத் தள்ளினா வந்துடும்."

"கம்பி எங்க?"

குழல் துடைக்கிற கம்பி ஷெட்டுல ஆணியில தொங்குது. வண்டிக்குத் திரும்பவே மத்தியானம் ஆயிடும். அங்கேருந்து வீட்டுக்குப் போய் வந்தா இருட்டிடும். இருட்டினா சீசன் முடிஞ்சுது.

அப்புறம் அவன் பண்ணின காரியத்தை நான் சாகறவரைக்கும் சொல்லிக்கிட்டிருப்பேன். கத்திய எடுத்தான். நீளமா, நேரா ஒரு வில்லோக் குச்சிய வெட்டி, பட்டைய உரிச்சு, குழல் வாய்க்குள்ள விட்டுத் தள்ளினான். குச்சி பச்சை. வளைஞ்சுது. "விடுடா மாப்ள"ன்னேன். ஒரு கல்லை எடுத்துக் குச்சியோட வாலுல தட்டினான். சடக். பாதிக் குச்சி அவன் கையில, பாதிக் குச்சி குழலுக்குள்ள. முதல்ல குண்டு மட்டும்தான் அடைச்சிருந்துச்சு, இப்ப துணைக்கு ஒரு மரமும் சேர்ந்துடுச்சு.

கல்லு சத்தத்துக்கு மூஸ் தலையத் தூக்கிச்சு. எங்களைப் பாத்துச்சு. வேட்டைக்குன்னு போட்டிருந்த எங்க ஆரஞ்சுச் சட்டைய மூணையும் ஒண்ணொண்ணா பாத்துட்டு, வெண்டல் குச்சி வெட்டின அதே புதர்லேருந்து இன்னொரு கிளைய இழுத்துச் சாவகாசமா மென்னுச்சு. மானம்னு ஒண்ணு இருந்தா வெண்டல் அங்கேயே செத்திருக்கணும்.

அவன் குழலை முட்டியில வெச்சுக்கிட்டு, விரலால மருந்தைச் சுரண்டிக்கிட்டு, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்"னு முணுமுணுக்கிறான். நேடீன் அவன் தோள்ல கை வெச்சு நிறுத்தினா.

"விடுய்யா. சத்தம் போடாத. நான் பாத்துக்கறேன்."

வேலிக் கம்பத்துல சாய்ஞ்சு பனியில உட்கார்ந்தா. தொலைநோக்கிய எடுத்துக் கண்ணுல வெச்சுக்கிட்டா. அது தின்னு முடிச்சு, ஓடையில இறங்கி, தண்ணி சொட்டச் சொட்ட அந்தக் கரை ஏறி, பைன் மரத்துக்குள்ள போயி, கடைசியில வாலும் மறையறவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. அதுக்கப்புறமும் தொலைநோக்கிய இறக்கல. கண்ணுல தண்ணி நின்னிருக்கும், எதுவும் தெரிஞ்சிருக்காது. நான் கறிப் பையெல்லாம் மடிச்சு மடிச்சு வெச்சேன், மடிக்க வேற வேலை இல்லாம.

வண்டியில ஏறித் திரும்பினோம். ஊர் எல்லை வந்ததும் வெண்டல் தொண்டையக் கனைச்சான்.

"ஒரு மயிரிழை உள்ள தள்ளி வெச்சிருந்தா..."

"வண்டிய நிறுத்துய்யா"ன்னா நேடீன். நிறுத்தினான். இறங்கி, துப்பாக்கியத் தோள்ல போட்டுக்கிட்டு, மிச்ச தூரத்தை நடந்தே போனா. நாங்க அவ பின்னாலயே ஊர்ந்து போனோம். வெண்டலுக்கு அந்த வேகத்துல ஓட்டித்தான் பழக்கமாச்சே.

ஞாயித்துக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டா. "சூப்பு வெச்சிருக்கேன்ணே, வா"ன்னா. போனப்ப வெண்டல் மேசையில உட்கார்ந்து, கம்பி விட்டுத் தள்ளி எடுத்த அந்தக் குண்டை விரல்ல வெச்சு வெளிச்சத்துல திருப்பிப் பாத்துக்கிட்டிருக்கான். மனுஷன் திருந்தியிருப்பான்னு நினைச்சேன் பாருங்க!

"ஒரு கீறல் இல்ல மச்சான். குண்டுல ஒரு குறையும் சொல்லமுடியாது. சுட்டிருந்தா அங்கேயே விழுந்திருக்கும்."

"குறை குண்டுல இல்லைன்னு எனக்குத் தெரியும்"னேன்.

ஃபிரிட்ஜ் கதவை அப்பத்தான் பாத்தேன். வெறுமையா இருந்துச்சு.

நேடீன் பெரிய பானையத் தூக்கிட்டு வந்து நடுவுல வெச்சா. வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், மிளகு வாசனை. கறி ஒரு துண்டு கிடையாது. கரண்டிய அடிவரைக்கும் விட்டுத் தேடி எடுத்து, வெண்டல் கிண்ணத்துல ஊத்தினா. கேரட்டுக்கு நடுவுல சீட்டு மிதந்து வந்துச்சு. மடிச்ச மடிப்பு கலையாம, அவ பேரு பாதி அழிஞ்சு பாதி தெரியுது.

ஊர் முழுக்க வாயால வெச்ச சூப்பை, அடுப்புல வெச்சவ என் தங்கச்சி ஒருத்திதான்.

நான் சிரிக்கலாம்னு வாயெடுத்தேன். அவ முகத்தைப் பாத்துட்டு மூடிக்கிட்டேன். அவ சிரிக்கல. இடுப்புல கை வெச்சுக்கிட்டு நிக்கறா. வெண்டல் குண்டை மேசை மேல வெச்சான். அது உருண்டு போய்க் கீழ விழுந்துச்சு, அவன் குனிஞ்சு எடுக்கல. கிண்ணத்தையே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் கரண்டியில சீட்டை அள்ளி வாயில போட்டான்.

மென்னான். காகிதம் லேசுல மசியுமா? தாடை நோக நோக மென்னான். கண்ணு சிவந்து, காது சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு அவனைப் பாக்கப் பாவமாவும் இருந்துச்சு, நல்லா வேணும்னும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வந்தா என்ன பண்றதுன்னு தெரியாம ரொட்டியப் பிச்சுக்கிட்டே இருந்தேன். கடைசியில தலையத் தூக்கி, கோழி தண்ணி குடிக்கிற மாதிரி, மடக்குன்னு முழுங்கினான்.

"உப்பு சரியா இருக்கா?"ன்னு கேட்டா நேடீன். "இல்ல, இன்னும் ஒரு மயிரிழை வேணுமா?"

வெண்டல் தலை நிமிரல.

"போதும்"னான்.

எத்தனையோ வருஷமா அவனைத் தெரியும். அந்த வார்த்தைய அவன் வாயிலேருந்து அன்னைக்குத்தான் கேட்டேன்.

"இதைச் செப்டம்பர்லயே சொல்லியிருக்கலாம்ல"ன்னு சொல்லிட்டு, நேடீன் தன் கிண்ணத்தை எடுத்து அதே பானையிலேருந்து ஊத்திக்கிட்டா.